உடுக்கையின் இடுப்பு



போன மாதம் நம் வார வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்தோம். ஒருவர் வாய் திறக்காமல் நடித்துக் காட்டணும், மற்றவர்கள் அது என்னவென்று கண்டுபிடிக்கணும். நேரம் பார்க்க ஒரு சின்ன மணல் கடிகாரம். நீல நிற மணல், ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும். ஆட்டம் முடிந்த பிறகும் ஒரு பையன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். “அக்கா, இது சாமி கையில இருக்கிற உடுக்கை மாதிரியே இருக்கே!” என்றான். பக்கத்தில் இருந்தவன் சும்மா இருப்பானா? “உடுக்கையாம் உடுக்கை! இவங்க மாதிரி இருக்குடா” என்று ஒரு நடிகையின் பெயரைச் சொன்னான். பையன்கள் பக்கம் ஒரே சிரிப்பு. பெண்பிள்ளைகளில் சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. ஒரு பெண் தன் துப்பட்டாவை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். அதை நான் பார்த்தேன்.

அன்றைக்கு “போதும், சும்மா இருங்க” என்று அதட்டிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், அந்த இரண்டு பையன்களும் தங்களுக்குத் தெரியாமலேயே மிகப் பழைய ஒரு உவமையைத் தொட்டிருக்கிறார்கள். காலம், உடுக்கை, பெண்ணின் இடை. இந்த மூன்றையும் நம் முன்னோர்கள் ஒரே வடிவத்தில் பார்த்திருக்கிறார்கள். அதட்டி மூடிவிட வேண்டிய விஷயம் இல்லை இது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் உடுக்கை. பழைய தமிழில் இந்த வகைப் பறைக்குத் துடி என்று பெயர். அதைக் கொட்டுபவன் துடியன். புறநானூற்றிலேயே துடியன் இருக்கிறான். ஐந்து நிலத்துக்கும் ஐந்து பறை சொல்லும்போது பாலை நிலத்துக்கு உரிய பறையாகத் துடியைத்தான் சொல்வார்கள். வறண்ட காடு, வழிப்பறி, பிரிவு. அந்த நிலத்தின் ஓசை இது. இன்றைக்கு நமக்கு அது தைப்பூசத்தில் உருமிச் சத்தத்துக்கு நடுவே கேட்கும். இல்லையென்றால் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், சாமி வரவழைக்கும்போது பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாரே, அந்த ஓசை.

உங்களில் எத்தனை பேர் உடுக்கையைக் கையில் பிடித்திருக்கிறீர்கள்? பிடித்துப் பார்த்தால்தான் ஒரு விஷயம் புரியும். இரண்டு பக்கமும் தோல். ஒரு பக்கத் தோலை இன்னொரு பக்கத் தோலோடு நூல் கயிறு இழுத்துக் கட்டியிருக்கும். அந்தக் கயிறுகள் எல்லாம் நடுவில், ஒடுங்கிய இடத்துக்கு மேலே, கொஞ்சம் காற்றிலே நிற்கிற மாதிரி ஓடும். இடது கையால் அந்த நடுப்பகுதியைப் பிடித்து, வலது கை விரலால் ஒரு பக்கத் தோலைத் தட்டணும். இடது கையை இறுக்கினால் கயிறு உள்ளே அமுங்கும், தோல் இழுபடும், சுருதி ஏறும். தளர்த்தினால் இறங்கும். அந்த ‘ம்ம்ஹும்’ என்று அழுவது போலக் குழைந்து வரும் ஓசை முழுக்க இடது கையின் வேலை. அதாவது உடுக்கைக்கு ஒடுங்கிய நடு என்பது அழகுக்காக வைத்தது இல்லை. கயிறு அமுங்க இடம் வேண்டும், அதற்காகத்தான் அந்த ஒடுக்கம். நேராக உருளை மாதிரி இருந்தால் அது வேறு ஒரு வாத்தியம், அவ்வளவுதான். மட்டம் என்று அர்த்தம் இல்லை. தவிலுக்கு ஒடுங்கிய இடுப்பு இல்லை. தவில் இல்லாமல் உங்கள் வீட்டில் யாருக்காவது தாலி ஏறியிருக்கிறதா?

இந்தத் துடியைப் பார்த்துத்தான் புலவர்கள் பெண்ணைத் துடியிடையாள் என்றார்கள். கொடி போன்ற இடை, மின்னல் போன்ற இடை என்றும் சொன்னார்கள். சிலர் இன்னும் போய், இடை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்று பாடினார்கள். இதைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: இது கவிதை வழக்கு. ஆணின் இடைக்குச் சிங்கத்தின் இடையைச் சொல்வதும் அதே வழக்குதான். கோயிலில் நடராசர் சிலையைப் பாருங்கள், முருகன் சிலையைப் பாருங்கள், அங்கேயும் இடை ஒடுங்கித்தான் இருக்கும். ஸ்தபதி ஊரில் நடமாடிய ஆளை அளந்து அந்தச் சிலையைச் செய்யவில்லை. யாரும் சிங்க இடை இல்லையே என்று கவலைப்பட்டுக் கோயிலை விட்டு வெளியே வருவதில்லை. வரக்கூடாது.

அம்பாளுக்கே இந்தப் பெயர்கள் உண்டு. சென்னைப் பக்கம் போனால் பௌர்ணமி அன்று ஒரே நாளில் மூன்று அம்மன்களைத் தரிசிப்பார்கள். மேலூரில் திருவுடை அம்மன், திருவொற்றியூரில் வடிவுடை அம்மன், திருமுல்லைவாயிலில் கொடியிடை அம்மன். இச்சை, ஞானம், கிரியை என்ற மூன்று சக்தியாக அவர்களைச் சொல்வார்கள். வடிவுடையாள் என்பது ஞான சக்தி, கொடியிடையாள் என்பது செயல் சக்தி. எனக்கு இது பிடித்திருக்கிறது. அழகைச் சொல்லும் பெயரை வைத்துவிட்டு, அதன் பொருள் அறிவு, செயல் என்று சொல்லியிருக்கிறார்கள். பெண்ணின் உடலைப் பார்த்து வெட்கப்படவும் இல்லை, அங்கேயே நின்றுவிடவும் இல்லை.

இப்போது நடராசர் கையில் இருக்கும் துடிக்கு வருவோம். வலது பக்கம் மேல் கையில் துடி, இடது பக்கம் மேல் கையில் நெருப்பு. சைவ சித்தாந்த சாத்திரம் பதினான்கில் ஒன்றான உண்மை விளக்கம் இதற்கு நேராகவே விளக்கம் தருகிறது. துடி படைப்பு, அபயக் கை காப்பு, நெருப்பு அழிப்பு, ஊன்றிய பாதம் மறைப்பு, தூக்கிய திருவடி அருள். நாம் அழகாக இருக்கிறது என்று மாட்டி வைத்திருக்கும் சிலைக்குள் ஐந்தொழிலும் இருக்கிறது. ஓசையிலிருந்துதான் உலகம் தொடங்கியது என்பது நம் சமயத்தின் அடிப்படை எண்ணங்களில் ஒன்று. பாணினியின் இலக்கணத்துக்கு ஆதாரமான பதினான்கு சூத்திரங்களும் சிவனின் உடுக்கையிலிருந்துதான் பிறந்தன என்று ஒரு மரபு சொல்கிறது. ஒரு தட்டு விழுந்து அடுத்த தட்டு விழும்வரை ஒரு இடைவெளி. அந்த இடைவெளிதானே காலம்? தட்டே இல்லாத இடத்தில் எதைக் கொண்டு ‘முன்’, ‘பின்’ என்று சொல்வது?

மணல் கடிகாரம் நம் ஊர்ப் பொருள் இல்லை. நம்மிடம் இருந்தது நாழிகை வட்டில். அடியில் சின்ன ஓட்டை போட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். தண்ணீர் உள்ளே ஏறி, அது மூழ்க ஒரு நாழிகை. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு மணி நேரம் என்றால் இரண்டரை நாழிகை, ஒரு யாமம் என்றால் ஏழரை. நம் அம்மாக்கள் நாள்காட்டியில் பார்க்கிற ராகு காலம் ஒன்றரை மணி நேரம் என்கிறோமே, அது மூன்றே முக்கால் நாழிகை. சங்க நூலான முல்லைப்பாட்டில் போர்ப் பாசறையில் நள்ளிரவிலும் நாழிகைக் கன்னலைப் பார்த்து அரசனுக்கு நேரம் சொல்கிறவர்கள் வருகிறார்கள். அந்தப் பாட்டிலேயே வீட்டில் ஒரு பெண் கணவன் வரவுக்காகக் காத்திருக்கிறாள். அவளுக்கு நேரம் சொல்ல யாரும் இல்லை. பாசறையில் காலம் அளக்கப்படுகிறது, வீட்டில் காலம் சகிக்கப்படுகிறது. திருக்குறளிலும் ஒருத்தி, கணவன் பிரிந்து சென்ற நாள்களைச் சுவரில் கோடு போட்டு எண்ணி எண்ணி, தொட்டுத் தொட்டு விரல் தேய்ந்து நிற்கிறாள்.

மணல் கடிகாரம் ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டில் பரவியது. இத்தாலியில் சியெனா நகர மண்டபத்துச் சுவரில் அம்புரோஜியோ லொரென்செட்டி 1338 வாக்கில் வரைந்த ஓவியத்தில் நிதானம் என்ற நற்குணத்தை ஒரு பெண்ணாக வரைந்து, அவள் கையில் மணல் கடிகாரத்தைக் கொடுத்திருக்கிறார். அப்போது அது நல்ல பொருள். நேரத்தை அளந்து வாழ்கிறவளின் அடையாளம். கப்பல்காரர்களுக்கு அது உயிர். அலையில் ஆடினாலும் மணல் இறங்கும். அரை மணிக்கு ஒருமுறை திருப்பி வைத்து மணி அடிப்பார்கள். 1511இல் மலாக்காவைப் பிடிக்க வந்த போர்த்துகீசியர் காலத்துக் கப்பல்களில் எல்லாம் நேரம் இப்படித்தான் பார்க்கப்பட்டது.

அதே காலத்தில், ஏறக்குறைய 1510இல், ஜெர்மானிய ஓவியர் ஹான்ஸ் பால்டுங் கிரீன் ஒரு படம் வரைந்தார். இப்போது வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓர் இளம்பெண் தலைமுடியைக் கோதிக்கொண்டு கண்ணாடி பார்க்கிறாள். காலடியில் ஒரு குழந்தை. பின்னால் சாவு, தோல் தொங்கும் பிணமாக, அவள் தலைக்கு மேலே மணல் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடியையே பார்க்கிறாள். இன்னொரு பக்கம் ஒரு கிழவி. ஒரு கையால் அந்தக் கண்ணாடியைத் தாங்குகிறாள், இன்னொரு கையால் சாவின் கையைத் தள்ளுகிறாள். வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டினால், எல்லாரும் முதலில் இளம்பெண்ணைப் பார்ப்பார்கள், பிறகு சாவைப் பார்ப்பார்கள். கிழவியைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்தப் படத்தில் ஏதாவது செய்ய முயல்கிறவள் அவள் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு நூற்றாண்டுக் கணக்கில் ஐரோப்பிய ஓவியங்களில் மணல் கடிகாரம் மண்டை ஓட்டுக்கும் வாடிய பூவுக்கும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ‘உன் அழகு போய்விடும், ஜாக்கிரதை’ என்ற எச்சரிக்கை. வேடிக்கை என்ன தெரியுமா? அதே பொருளின் பெயரையே பெண்ணின் உடலுக்கும் வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் திமிங்கில எலும்பு வைத்துத் தைத்த இறுக்கமான உள்ளாடையால் மூச்சு முட்ட இடுப்பை இறுக்கி, அந்த வடிவத்தை வரவழைத்தார்கள். 1947இல் பாரிசில் கிறிஸ்டியன் டியோர் கொண்டுவந்த உடையிலும் ஒடுங்கிய இடுப்புதான் பேச்சு. இருபது வருஷம் கூட ஆகவில்லை, 1966இல் இங்கிலாந்தில் டுவிகி என்ற ஒல்லிக்குச்சிப் பெண் வந்தாள். இடுப்பும் இல்லை ஒன்றும் இல்லை, இனி இதுதான் அழகு என்றார்கள். 1947இல் இருபது வயதாக இருந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் நாற்பது வயதுக்கு வருவதற்குள் ‘சரியான உடம்பு’ மாறிவிட்டது. அவள் உடம்பா தப்பு செய்தது?

இங்கே ஓர் அறிவியல் செய்தியையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இது தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஓட்டை போட்டால், தொட்டி நிறைந்திருக்கும்போது வேகமாகக் கொட்டும், தண்ணீர் குறையக் குறைய வேகமும் குறையும். மணல் அப்படி இல்லை. மேல் குமிழில் மணல் நிறைய இருந்தாலும் கொஞ்சமாக இருந்தாலும் கழுத்து வழியாக இறங்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். மணல் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, தங்கள் பாரத்தில் பெரும் பகுதியைக் கண்ணாடிச் சுவரின்மேல் ஏற்றிவிடுகின்றன. அதனால் கழுத்தில் அழுத்தம் கூடுவதில்லை. கடைசியில் மணல் விறுவிறு என்று ஓடுகிற மாதிரி தெரிவது நம் பதற்றம்தான். பதினெட்டு வயதில் இறங்கும் மணலும் அறுபதில் இறங்கும் மணலும் ஒரே வேகத்தில்தான் இறங்குகிறது.

நம் சமயம் இதற்கெல்லாம் என்ன சொல்கிறது? ‘அழகு நிலையில்லாதது, அதைப் பொருட்படுத்தாதே’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள் சிலர். அது உண்மையில் பாதிதான். நிலையாமை பற்றித் திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. நாலடியாரிலும் திருமந்திரத்திலும் இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்று தனித்தனியாக இருக்கிறது. ஆனால் பிற்காலப் பாடல்கள் சிலவற்றைப் படிக்கும்போது எனக்கு மனத்தாங்கல் வரும். மறைக்க விரும்பவில்லை. பட்டினத்தார் பாடல்கள் சிலவற்றில் பெண்ணின் உடம்பை உறுப்பு உறுப்பாகச் சொல்லி அருவருப்பாகக் காட்டுவார். துறவு பூண்ட ஓர் ஆண் தன் மனத்துக்குச் சொல்லிக்கொண்ட பாட்டு அது. அவருக்கு அது மருந்தாக இருந்திருக்கலாம். பதினாறு வயதுப் பெண் பிள்ளை அதைக் கேட்டால் அவளுக்கு அது என்ன? ஏற்கெனவே கண்ணாடி முன்னால் நின்று தன்னையே வெறுத்துக்கொண்டிருக்கிறவளுக்கு இன்னொரு காரணம். எந்த மருந்து யாருக்கு என்று பார்த்துக் கொடுக்கணும்.

நாம் மறந்துவிட்ட இன்னொரு பக்கம் உண்டு. காலத்தையே நாம் பெண்ணாக வைத்துக் கும்பிடுகிறோம். காளி என்ற பெயரைக் காலத்தின் பெண்பால் வடிவமாகக் கொள்வதுண்டு. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். மலேசியாவில் காளியம்மன் இல்லாத ஊர் குறைவு. ஐரோப்பிய ஓவியத்தில் காலம் என்பது பெண்ணின் பின்னால் திருடன் மாதிரி வந்து நிற்கிற சாவு. நமக்கோ காலமே அம்மா. அவள் கழுத்தில் மண்டை ஓட்டு மாலை போட்டுக்கொண்டு நேருக்கு நேர் நிற்கிறாள், நாம் எலுமிச்சம்பழ மாலை கொண்டுபோய்ப் போடுகிறோம். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒளிந்துகொள்கிற பயம் இல்லை.

அப்புறம் மூத்ததேவி. மூதேவி என்று திட்டுகிறோமே, அவள்தான். லட்சுமியின் அக்கா, தவ்வை. பொறாமைப்படுகிறவனைத் திருமகள் தன் தவ்வைக்குக் காட்டிவிட்டுப் போய்விடுவாள் என்று திருவள்ளுவர் சொல்கிறார். பல்லவர், சோழர் காலத்துக் கோயில்களில் அவளுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் இருக்கிறாள். பெரிய வயிறு, கனத்த உடம்பு, இரண்டு பக்கமும் மகனும் மகளும், காக்கைக் கொடி. சாய்ந்து வசதியாக உட்கார்ந்திருப்பாள். துடியிடை எல்லாம் கிடையாது. ஒரு காலத்தில் அவளையும் தெய்வமாகக் கும்பிட்டிருக்கிறார்கள். எப்போது அவள் பெயர் வசவாக ஆனதோ அப்போது நமக்கு ஏதோ ஒன்று குறைந்துபோயிற்று என்று நான் நினைக்கிறேன். பத்து மகாவித்தைகளில் தூமாவதி என்று ஒருத்தி இருக்கிறாள், கிழவியாக, விதவையாக. அவளும் தேவிதான்.

இதற்கு மேலே காரைக்கால் அம்மையார். கதை தெரியும் என்பீர்கள், இருந்தாலும் ஒருமுறை கவனமாகக் கேளுங்கள். புனிதவதி கணவனுக்கு வைத்த இரண்டு மாங்கனியில் ஒன்றைச் சிவனடியாருக்குக் கொடுத்தாள். கணவன் இரண்டாவதையும் கேட்டபோது இறைவனை வேண்ட, கையில் ஒரு கனி வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும் பரமதத்தன் பயந்துபோய்க் கப்பல் ஏறிவிட்டான். பாண்டி நாட்டில் வேறு கல்யாணம் செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். அவளை உறவினர்கள் அங்கே அழைத்துப்போனபோது மனைவி மகளோடு அவள் காலில் விழுந்தான். அப்போது அவள் கேட்டது: இவனுக்காகத்தான் இந்த அழகைச் சுமந்தேன், இனி இது வேண்டாம், உன் கணங்களில் ஒருத்தியாகப் பேய் வடிவம் கொடு. பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்வது இது. பிறகு கயிலைக்குக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடந்து போனாள். யார் இது என்று உமையம்மை கேட்க, இவள் நம்மைப் பேணும் அம்மை என்று இறைவன் சொன்னான். தாய் தந்தை இல்லாத சிவன் அம்மா என்று கூப்பிட்டது அந்த எலும்பும் தோலுமான உருவத்தைத்தான்.

சோழர் காலத்து வெண்கலச் சிலைகளில் அம்மையார் தரையில் உட்கார்ந்து கையில் தாளம் வைத்திருப்பார். மேலே ஆடுகிறவன் கையில் துடி, கீழே இவர் கையில் தாளம். அவன் ஆட்டத்துக்குக் காலம் போடுகிறவர் இவர். கம்போடியாவில் பந்தியாய் சிறே கோயில், 967இல் குடமுழுக்கானது, அங்கேயும் ஆடும் சிவனின் பக்கத்தில் ஒரு மெலிந்த பெண் உருவம் இருக்கிறது. அது காரைக்கால் அம்மையார்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்திலேயே நம் பக்கத்துக்குக் கடல் தாண்டி வந்துவிட்டார்.

இதைச் சொல்லிவிட்டு, துப்பட்டாவை இழுத்துக்கொண்ட அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பொய். அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

சில மாதங்களாகவே அவள் மெலிந்துகொண்டு வந்தாள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க விரதம் இருக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வகுப்பில் எல்லார் முன்னிலையிலும், “பாரும்மா, விரதம் இருந்து எவ்வளவு அழகா ஆயிட்டா!” என்று சொன்னேன். நல்லது சொல்வதாக நினைத்துச் சொன்னேன். தைப்பூசம் முடிந்தது. அவள் விரதம் முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்கு ஒன்று, சஷ்டிக்கு ஒன்று, அப்புறம் சும்மா ஒன்று. வகுப்பு முடிந்து பசியாறும்போது “விரதம்கா” என்பாள், நாங்கள் கையெடுத்துக் கும்பிடாத குறையாக விட்டுவிடுவோம். சமயத்தின் பெயரைச் சொன்னால் நம் வீடுகளில் யார் மேலே கேள்வி கேட்கிறார்கள்? ஒரு நாள் பள்ளியில் மயங்கி விழுந்தாள். கிளினிக்கில் இரத்தம் சோதித்துப் பார்த்த பிறகுதான் அவள் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது.

பிறகு அவளும் நானும் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசினோம். அவள் என்னைக் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. “அக்கா, காரைக்கால் அம்மையாரும் உடம்பு வேணாம்னுதானே சொன்னாங்க? அவங்கள மட்டும் கும்பிடுறீங்க?”

வீட்டுக்குப் போய்ப் பெரிய புராணத்தை மறுபடி எடுத்து வைத்து, இரண்டு நாள் கழித்து அவளிடம் சொன்னேன். “அம்மையார் உடம்பை உதறினது, இனிமே யாரும் என்னைப் பார்க்கிற பார்வையில நான் வாழ வேணாம்னுதான். நீ உடம்பைக் குறைக்கிறது, எல்லாரும் பார்க்கிற பார்வைக்காக. ரெண்டும் ஒல்லிதான். ஆனா நேர் எதிர்ப் பக்கம் போற பஸ்சு.” அவள் கொஞ்சம் சிரித்தாள். பிறகு அழுதாள். நானும்தான்.

விரதம் பற்றியும் பேசினோம். இதை எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். விரதத்துக்குச் சங்கல்பம் உண்டு. இந்த நாள் தொடங்கி இந்த நாள் வரை, இன்ன தெய்வத்துக்காக என்று மனத்தில் உறுதி எடுத்துத் தொடங்குவது. முடிவும் உண்டு. ஏகாதசி விரதம் என்றால் மறுநாள் துவாதசியில் பாரணை செய்து சாப்பிட்டே ஆகணும். சாப்பிடாவிட்டால் விரதம் நிறைவாகாது. அதாவது விரதத்தின் கடைசிப் படி சாப்பாடு. முடிவு நாளே இல்லாமல், பாரணை இல்லாமல், தராசைப் பார்த்து இருப்பதற்கு விரதம் என்று பெயர் இல்லை. உடம்பு முடியாதவர்களும் மருந்து சாப்பிடுகிறவர்களும் பால் பழம் எடுத்துக்கொண்டே விரதம் இருக்கலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். உங்கள் தோழியோ தங்கையோ, தம்பியும்தான், இப்படி முடிவில்லாத விரதம் இருந்தால் ‘பக்தி’ என்று விட்டுவிடாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அவள் இப்போது மருத்துவரையும் ஓர் ஆலோசகரையும் பார்த்துவருகிறாள். மெதுவாகத்தான் போகிறது. போன வாரம் வகுப்பில் அரை இட்லி சாப்பிட்டாள்.

பையன்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நடிகை பெயரைச் சொன்ன தம்பி நல்ல பையன், எனக்குத் தெரியும். அவனுக்கு அது ஒரு வினாடிச் சிரிப்பு. வகுப்பில் இருபது பேர் சிரித்தால், அந்தச் சிரிப்பில் ஒவ்வொரு பெண் பிள்ளையும் தன்னை அளந்து பார்க்கிறாள். அவன் வந்து மன்னிப்புக் கேட்டான். நானும் அவளிடம் கேட்டேன், ‘எவ்வளவு அழகா ஆயிட்டா’ என்று சொன்னதற்கு. என் வார்த்தைதான் அவனுடையதைவிட ஆழமாக இறங்கியிருந்தது. டீச்சர் மாதிரி இருக்கிற ஒருத்தி சொன்னது இல்லையா?

அடுத்த வகுப்புக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டில் இருக்கிற மூத்த பெண்மணி ஒருவரிடம், பாட்டியோ அம்மாவோ அத்தையோ, அவருக்கு இருபது வயதிருக்கும்போது எடுத்த படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ‘அப்போ உங்களைப் பத்தி நீங்க என்ன நினைச்சீங்க?’ என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள். நான் என் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். தோட்டத்து லயத்து வாசலில், பூப்போட்ட சேலையில், இருபத்தொரு வயதில் நிற்கிற படம். “அப்போ நான் ரொம்பக் குண்டா இருக்கேன்னு போட்டோவே வேணாம்னுட்டேன். உங்க பாட்டிதான் புடிச்சு நிக்க வச்சாங்க” என்றார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் படத்தை என்னிடம் தராமல் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வகுப்புக்கு வேண்டும் என்று கெஞ்சித்தான் வாங்கணும்.

உடுக்கை ஒன்று தருவதாகக் கோயில் பெரியவர் சொல்லியிருக்கிறார். மணல் கடிகாரம் என்னிடம் இருக்கிறது. வகுப்பு முடிந்து எல்லாருக்கும் பசியாற இட்லி, சாம்பார் உண்டு, அதனால் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள்.